தூக்குக் குண்டும் ஐந்தாம் வளைவும்

சிப்பாங் பந்தயத் தடத்தின் ஐந்தாம் வளைவில் அன்று காலை ஸ்டியரிங்கைத் திருப்பினேன், கார் திரும்பியது. நடந்தது இவ்வளவுதான். மனைவியிடம் இதை மூன்று முறை சொல்லிவிட்டேன். ஜொகூரில் இருக்கும் தங்கைக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். ரொட்டிச் சானாய்க் கடையில் பக்கத்து மேசையில் இருந்தவரிடமும் சொன்னேன். ஆசை இன்னும் அடங்கவில்லை.

அந்த வளைவைத் தெரிந்தவர்களுக்கு என் கூத்தாட்டம் புரியும். நாலாம் வளைவில் மேடேறி முடித்ததும் தடம் இடப்பக்கம் நீளமாக, வேகமாக வளையும். அது முடிவதற்குள் ஆறாம் வளைவாக வலப்பக்கம் புரளும். 2017 வரை இங்கே ஓடிய ஃபார்முலா 1 கார்கள் அங்கே ஒரே இழுப்பில் கோடு கிழித்தது மாதிரி போயின. என் கார் அப்படிப் போனதே இல்லை. திருப்புவேன், ஒரு கணம் யோசிக்கும், முன்சக்கரம் முனகும், மூக்கு வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டே போகும், வேகம் செத்த பிறகு மனசு வந்து திரும்பும். அன்று கை அசைந்ததும் கார் அசைந்தது. இடமிருந்து வலத்துக்குப் புரட்டியபோதும் கூடவே புரண்டது. ஹெல்மெட்டுக்குள்ளேயே "ஐயோ, ஐயோ!" என்று கத்திவிட்டேன். கண் கலங்கிப்போனது.

இதற்காக இஞ்சினில் அரைக் குதிரைசக்திகூட ஏற்றவில்லை. முன்சக்கரங்களின் தலையை உள்பக்கம் சாய்த்தோம். ரிம்மின் உச்சியில் அளந்தால் 20 மில்லிமீட்டர், என் கட்டைவிரல் அகலம். ஒரு காரின் குணத்தையே மாற்ற அது போதும் என்று யாராவது எனக்கு ஐந்து வருடத்துக்கு முன் சொல்லியிருக்கக்கூடாதா!

என்னிடம் இருப்பது டொயோட்டா 86. டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்து 2012-இல் வெளிவந்த முதல் தலைமுறைக் கார். இரண்டு லிட்டர் இஞ்சின், சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும். அதனால் எடை தரையோடு ஒட்டிக் கிடக்கும். சிலிண்டரின் விட்டமும் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 86 மில்லிமீட்டர். தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடா இந்தக் காருக்கு வேண்டுமென்றே ஒல்லியான சாதாரண டயரைக் கொடுத்தார். அகல டயரின் பிடிப்பை நம்பி ஓட்டாமல், காரின் எடை எங்கே நகர்கிறது என்று உணர்ந்து ஓட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்துக்காகவே இந்தக் காரைக் காதலிக்கிறேன்.

காதல் இருந்தும் இரண்டு வருடம் தப்பான இடத்தில் காசைக் கொட்டினேன். எக்ஸாஸ்ட் மாற்றினேன், காற்று வடிகட்டி மாற்றினேன், ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் போயிருக்கும். சத்தம் வந்தது. வளைவில் மூக்குத் தள்ளுவது மட்டும் போகவில்லை. ஒரு பெரிய டயர் கடையில் அலைன்மென்ட் பார்த்தபோது கணினித் திரையில் எல்லாக் கட்டமும் பச்சையாக வந்தது. "ஓகே பாஸ்" என்று சாவியைக் கொடுத்தார்கள், நானும் நம்பினேன். பச்சை என்றால் கம்பெனி சொன்ன எல்லைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அந்த எல்லை கடைக்கும் வேலைக்கும் போகிற காருக்கு வகுத்தது.

கண்ணைத் திறந்தவர் கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன். காரைத் தூக்கச் சொல்லி, இடப்பக்க முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து இழுத்தார்.

"தம்பி, கை வச்சுப் பாரு. வெளி ஓரம் மொட்டையா போயிருச்சு. உள் ஓரம் கடையில வாங்குன மாதிரியே இருக்கு. முழு டயருக்குக் காசு குடுத்துட்டு பாதி டயர்ல ஓடிக்கிட்டிருக்க."

"இஞ்சின்ல ஏதாச்சும் செய்யலாமாண்ணே?"

"அத விடு லா. மொதல்ல சக்கரத்தச் சாய்."

சிப்பாங்கில் ஏன் இடப்பக்க டயர் முதலில் சாகிறது என்பதற்குத் தடத்தின் வரைபடமே சாட்சி. 1999-இல் திறந்த 5.543 கிலோமீட்டர் தடம், 15 வளைவு. அதில் 10 வலப்பக்க வளைவு. வலப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் காரின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களில் போய் உட்காரும். உடல் சாயும், உடலோடு சேர்ந்து சக்கரமும் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். என் காரின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை. எளிமையானது, இடத்தை அடைக்காது, ஆனால் உடல் சாயும் அளவுக்கு ஈடுகொடுத்துச் சக்கரத்தைத் திரும்ப நிமிர்த்த அதனால் முடியாது. நேராக நிற்கும்போது சக்கரம் செங்குத்தாக இருந்தால், வளைவில் அது வெளி விளிம்பில் நிற்கும். கம்பெனியிலிருந்து வந்தபோது என் முன்சக்கரங்கள் கிட்டத்தட்ட செங்குத்தாகத்தான் இருந்தன.

சின்ன வயதில் பாடாங்கில் வெறுங்காலோடு ஓடிப் பிடித்து விளையாடியவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போது வெளிக்கால் உள்நோக்கிச் சாய்ந்து, உள்ளங்கால் முழுக்கத் தரையில் படிய வேண்டும். பாதத்தின் ஓரத்தில் நின்றால் சறுக்கல்தான். சக்கரத்தின் தலையை முன்கூட்டியே உள்பக்கம் சாய்த்து வைத்துவிட்டால், கார் வளைவில் சாயும்போது டயரின் பாதம் முழுக்கத் தார்மேல் படியும். இந்தச் சாய்வுக்குத்தான் கேம்பர் என்று பெயர். உள்பக்கச் சாய்வு நெகட்டிவ் கேம்பர்.

முதலில் அண்ணன் போட்டது கேம்பர் போல்ட். ஸ்ட்ரட்டையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இறுக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு, தண்டு மெலிந்து ஒரு பக்கம் மட்டும் புடைத்த போல்ட்டை நுழைப்பது. அதைத் திருகத் திருகச் சக்கரம் சாய்ந்துகொடுக்கும். 150 வெள்ளிச் சாமான்! ஒன்றரை டிகிரி கிடைத்தது. அந்த ஒன்றரை டிகிரியோடு சிப்பாங் போய், ஐயாயிரம் வெள்ளி எக்ஸாஸ்ட் தராத சந்தோஷத்தை முதல் சுற்றிலேயே அடைந்தேன். பிறகுதான் ஸ்ட்ரட்டின் தலையையே நகர்த்திவைக்கும் கேம்பர் பிளேட் போட்டோம். மேடுபள்ளத்தில் லொடக் லொடக்கென்று சத்தம் உள்ளே கேட்கும். எனக்கு அது சங்கீதம்.

பிளேட் வந்த பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடைக்கு ஓடினால் கட்டுப்படியாகாது என்று வீட்டிலேயே அளக்கத் தீர்மானித்தேன். இனி சொல்லப்போவதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு உயிரான பகுதி.

அப்பா முப்பது வருடம் கட்டட வேலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். இணையத்தில் அளவுக் கருவி விலை பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "என்ன அளக்கணும்?" என்றார். சொன்னேன். எழுந்து உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த பித்தளைத் தூக்குக் குண்டை எடுத்து வந்தார். சக்கரத்துக்குச் சற்று வெளியே நூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் நூலுக்கும், கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளிகளை இரும்பு அளவுகோலால் அளந்து கழித்தால் கேம்பர் வந்துவிடும். 17 அங்குல ரிம்; விளிம்புக்கு விளிம்பு சுமார் 46 சென்டிமீட்டர். ஒரு டிகிரி சாய்ந்தால் 8 மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டரை டிகிரிக்கு 20. கணக்குப் போட்டுப் பார்த்து இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுவர் கட்டிய குண்டு என் காரை அளந்தது!

"குண்டு சரியாச் சொல்லும், தரை சரியில்லன்னா?" என்றார் அடுத்து. போர்ச் தரையில் மழைத் தண்ணீர் வடிய வாசலைப் பார்த்து வாட்டம் விட்டிருக்கும். அதன்மேல் அளந்தால் இடப்பக்கம் ஓர் அளவு, வலப்பக்கம் ஓர் அளவு காட்டும். ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, நாலு சக்கரம் நிற்கும் இடத்திலும் மட்டம் பார்த்தார். இடப்பக்க முன்மூலை 14 மில்லிமீட்டர் தாழ்வு. மிச்சம் கிடந்த தரை ஓடுகளையும் ஒட்டுப்பலகைத் துண்டுகளையும் அடுக்கி நாலு மேடை கட்டினோம். ஒவ்வொரு மேடையின் மேலும் இரண்டு ஓடு, வழவழப்பான முகங்கள் ஒன்றையொன்று பார்க்க, நடுவில் கிரீஸ். கடையில் இருக்கும் சுழலும் தட்டு செய்கிற வேலையை அது செய்தது: போல்ட்டைத் திருகும்போது டயர் தரையோடு மல்லுக்கட்டாமல் தன் இடத்துக்கு நழுவிக்கொண்டது.

அடுத்தது டோ. மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனைகள் ஒன்றையொன்று நோக்கியிருக்கின்றனவா, விலகியிருக்கின்றனவா என்பது. காரின் இரு பக்கமும் முன்னிருந்து பின்வரை தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டினோம். இரண்டு பிவிசி குழாயில் ஒரே இடைவெளியில் வெட்டு வைத்து, அந்த வெட்டில் நரம்பை உட்கார வைத்ததால் இரு நரம்பும் இணையாக நின்றன. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 86-இன் முன்சக்கர இடைவெளி 1,520 மில்லிமீட்டர், பின்சக்கர இடைவெளி 1,540. ஆகவே நரம்பு முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையத்தைவிட 10 மில்லிமீட்டர் கூடுதலாகத் தள்ளி நிற்க வேண்டும். இதைக் கவனிக்காமல் நரம்பை எல்லாச் சக்கரத்திலிருந்தும் ஒரே தூரத்தில் கட்டினால் அன்றைய வேலை முழுக்க வீண். நரம்பு நின்றதும் ரிம்மின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் அளந்து கழித்தால் டோ. அப்பா வாழ்நாளெல்லாம் சொன்ன 'நூல் பிடிச்ச மாதிரி' என்ற சொல்லுக்கு அன்றுதான் எனக்கு முழு அர்த்தம் விளங்கியது.

அளக்கும்போது ஓட்டுபவரின் எடை இருக்கையில் இருக்க வேண்டும். காலிக் கார் நிற்கும் நிலை வேறு, ஆளோடு நிற்கும் நிலை வேறு. என் எடை 76 கிலோ, அப்பா 71. அவர் மடியில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். நான் தரையில் படுத்து அளவு சொல்லச் சொல்ல, அவர் சன்னல் வழியே கை நீட்டிப் பழைய நோட்டில் எழுதினார். மில்லிமீட்டரில் பாதியைக்கூட விடவில்லை. "பதினொன்றரையா, பன்னெண்டா? நல்லாப் பாத்துச் சொல்லு."

வரிசை முக்கியம். முதலில் பின்சக்கரம். அவை கோணலாகப் பார்த்தால் கார் நண்டு மாதிரி நடக்கும். முன்னே எவ்வளவு சரிசெய்தாலும் நேர்ச்சாலையில் ஸ்டியரிங் திருகியே நிற்கும். பிறகு முன்சக்கரக் கேம்பர். டோ கடைசியில்தான், ஏனென்றால் கேம்பரை அசைத்தால் டோவும் கூடவே அசையும். காஸ்டர் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருப்பது போல ஸ்டியரிங் அச்சு சாய்ந்திருப்பது. கைவிட்டால் சக்கரம் தானே நேராவது அதனால்தான். என் காரில் அதை மாற்ற வழியில்லை, விட்டுவிட்டேன்.

டோவில் ஒரு பாடம் படித்தேன். முன்சக்கரங்கள் சற்று வெளியே பார்த்தால் கார் துடியாகத் திரும்பும் என்று கேட்டு, மொத்தம் 3 மில்லிமீட்டர் விலக்கி வைத்தேன். தடத்தில் துடியாகத்தான் இருந்தது. ஆனால் அதே காரில்தான் வேலைக்கும் போகிறேன். நெடுஞ்சாலையில் லாரிகள் பதித்த தாரையில் சக்கரம் ஏறினால் கார் அந்தப் பக்கம் முகர்ந்துகொண்டு போனது. ஒரு மணி நேரம் கை தளராமல் பிடித்து ஓட்டி வந்து, மறுநாளே முன்பக்கத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். பின்பக்கம் மொத்தம் 2 மில்லிமீட்டர் உள்நோக்கி. அந்த இரண்டு மில்லிமீட்டருக்கு நான் கோயில் கட்டுவேன். பதினாலாம் வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். பின்பாரம் முழுக்க முன்னே போய்விடும். வால் வீசத் துடிக்கும். அந்த இடத்தில் யாரோ பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டது போல இருக்கிறது.

வீட்டில் போட்ட கணக்கைத் தடம் ஒப்புக்கொள்கிறதா என்று டயரிடமே கேட்கலாம். ஊசிமுனை வெப்பமானி ஒன்று வாங்கினேன். சுற்றி முடித்துப் பிட்டுக்குள் நுழைந்த உடனே, டயர் ஆறுவதற்குள், உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் ஊசியை ரப்பருக்குள் குத்தி அளக்க வேண்டும். தொடாமல் தூரத்திலிருந்து பார்க்கும் கருவி தோலின் சூட்டை மட்டும் சொல்லும். அது நொடியில் மாறிவிடும். ஒன்றரை டிகிரியில் இடப்பக்க முன் டயர் சொன்னது: உள்ளே 79, நடுவில் 88, வெளியே 96. இன்னும் வெளி ஓரம்தான் சுமக்கிறது. இரண்டரை டிகிரியில்: உள்ளே 92, நடுவில் 88, வெளியே 85. உள் ஓரம் சில டிகிரி கூடுதலாக இருப்பதுதான் சரி. நேர்ச்சாலையில் அதுதானே பாரம் தாங்குகிறது. அந்த மூன்று எண்களையும் பார்த்தபோது தேர்வில் முதல் மாணவனாக வந்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது. டயர் முழுக்க வேலை செய்கிறது, காசு கொடுத்த ஒவ்வொரு அங்குலமும்!

இன்னும் சாய்த்தால் இன்னும் நன்றாக இருக்குமோ என்ற ஆசையில் 26 மில்லிமீட்டர், அதாவது மூன்றேகால் டிகிரி வரை போனேன். உள்ளே 99, வெளியே 76. வளைவில் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் 190 கிலோமீட்டர் வேகத்தில் முதல் வளைவுக்குப் பிரேக் மிதித்தபோது உண்மை தெரிந்தது. டயர் உள் ஓரத்தில் மட்டும் நிற்பதால் பிடிப்புக் குறைந்து, ஏபிஎஸ் சீக்கிரமே துடித்தது. கார் நிற்க இடம் கூடுதலாகக் கேட்டது. பதினைந்தாம் வளைவிலும் அதே கதை. 2016-இல் தடத்தைப் புதுப்பித்தபோது அந்த வளைவின் உள்பக்கத்தை உயர்த்திவிட்டார்கள். தரை வெளிப்பக்கம் சரிவதால் அங்கே பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் டயர் முழுசாக வேண்டும். மதியமே பிட்டில் ஜாக்கி வைத்து 20-க்குத் திரும்பினேன். பந்தயத்துக்கென்றே இருக்கும் கார்களில் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுவேறு கேம்பர் வைப்பதுண்டு. பத்து வளைவு ஒரே பக்கம் போகும் இடத்தில் அதற்கு நியாயம் இருக்கிறது. என் கார் சாலையிலும் ஓடுவது, ஒருபக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் சமமாகவே வைத்தேன்.

அந்த 20 மில்லிமீட்டரோடு போன சனிக்கிழமையில்தான் ஐந்தாம் வளைவு எனக்குத் திறந்தது. 2 நிமிடம் 47 வினாடியில் ஓடிக்கொண்டிருந்த கார் 45-க்கு வந்தது. அதே டயர், காற்றும் குளிரில் அதே 28 பிஎஸ்ஐ. நேரத்தைவிட எனக்குப் பெரிது அந்தப் பேச்சு. முன்பு ஸ்டியரிங் ஊமையாக இருந்தது. இப்போது பன்னிரண்டாம் வளைவின் வேகத்தில்கூட டயர் எவ்வளவு பிடித்திருக்கிறது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று விரல் நுனிக்குச் சொல்கிறது. இந்தக் காருக்குள் இப்படி ஒரு கார் இத்தனை நாள் காத்துக்கொண்டிருந்ததே என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

2005-இல் இதே தடத்தின் புல்மேட்டில் அப்பாவோடு வெயிலில் நின்று, கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் மஞ்சள் நிற ஜோர்டான் காரில் பறப்பதைப் பார்த்தேன். அன்று அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "சக்கரத்தப் பாருடா, உள்ள சாஞ்சிருக்கு. ஏதோ உடைஞ்சிருக்கு போல" என்றார். இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

நாளை காலை மறுபடி சிப்பாங். போன வாரம் பின்சக்கரத்தின் கேம்பரை மாற்ற உதவும் கன்ட்ரோல் ஆர்ம்கள் வந்து இறங்கியிருக்கின்றன. ஒன்று புள்ளி எட்டு டிகிரியில் தொடங்கலாம் என்று கிள்ளான் அண்ணன் சொல்கிறார். மாற்றிய போல்ட் ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைச் சாயத்தால் கோடு போட வேண்டும், நழுவினால் ஒரே பார்வையில் தெரிவதற்கு. மாலை ஐந்து மணி ஆகிறது. போர்ச்சில் ஓடுகள் உரசும் சத்தம் கேட்கிறது. அப்பா மேடை அடுக்கத் தொடங்கிவிட்டார், அரிசிப் பையைத் தேடி நான் சமையலறைக்குப் போக வேண்டும்.